பன்னிரண்டு ஒலிம்பியர்கள்: கடைசி நாற்காலியில் யார்?

கேள்வி (வாசகர் ஒருவர்) – பிப்ரவரி 2

ஒலிம்பஸ் மலையின் பன்னிரண்டு கடவுள்கள் என்று மகளுக்கு ஒரு சார்ட் செய்துகொடுக்க வேண்டும். ஒரு தளத்தில் அடுப்பின் தெய்வம் ஹெஸ்டியா இருக்கிறாள், மதுவின் கடவுள் டயோனிசஸ் இல்லை. இன்னொன்றில் டயோனிசஸ் இருக்கிறான், ஹெஸ்டியாவைக் காணோம். மூன்றாவது தளத்தில், ஹெஸ்டியா பெருந்தன்மையாக எழுந்து அவனுக்கு இடம் கொடுத்துவிட்டாள் என்று கதையே எழுதியிருக்கிறார்கள். எது சரி?

பிப்ரவரி 2, இரவு

பதினொரு பெயர்களில் தகராறு இல்லை. ஜீயஸ், ஹீரா, பொசைடன், டெமெட்டர், அதீனா, அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ், ஏரிஸ், அஃப்ரோடைட், ஹெஃபைஸ்டஸ், ஹெர்மிஸ். இழுபறியெல்லாம் கடைசி இடத்துக்குத்தான். சார்ட்டுக்கு என்றால் டயோனிசஸைப் போட்டுவிடுங்கள். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலில், கிழக்குப் பக்கச் சிற்ப வரிசையில், பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கி.மு. 440 வாக்கில் செதுக்கியது. அதில் டயோனிசஸ் ஹெர்மிஸின் தோளில் சாய்ந்துகொண்டு சாவகாசமாக இருக்கிறான். ஹெஸ்டியா இல்லை.

எழுந்து இடம் கொடுத்த கதை பழைய கிரேக்க நூல் எதிலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் புராணங்களைத் திருப்பிச் சொன்னவர்கள் சேர்த்தது, இணையத்தில் கொழுத்துவிட்டது. ஹோமரின் இரண்டு காவியங்களிலும் ஹெஸ்டியா ஒரு பாத்திரமாக வருவதேயில்லை. வராதவள் எங்கே எழுந்து இடம் கொடுப்பது?

பிப்ரவரி 3

"அப்படியானால் ஹெஸ்டியாவைப் பட்டியலில் சேர்த்தது யார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பிளேட்டோவைச் சொல்லலாம். அவருடைய 'ஃபைட்ரஸ்' உரையாடலில் ஜீயஸ் தேரேறி வானத்தில் முன்னே போகிறான். பின்னால் தெய்வங்கள் பதினொரு அணிகளாகப் போகிறார்கள். ஹெஸ்டியா மட்டும் தெய்வங்களின் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அவளையும் சேர்த்தால்தான் கணக்கு பன்னிரண்டு வரும். வேடிக்கை என்னவென்றால், அவள் பட்டியலில் இருப்பதற்கான சாட்சியமே, ஊர்வலத்துக்கு அவள் வரவில்லை என்பதுதான்.

பிப்ரவரி 3, பின்னிரவு

தூக்கம் வராமல் யோசித்ததில், நேற்று "பதினொரு பெயர்களில் தகராறு இல்லை" என்று சொன்னதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். ஏதென்ஸுக்கு அது பொருந்தும். ஒலிம்பியாவுக்குப் போனால் ஆட்டம் மாறிவிடும்.

ஒலிம்பியாவில் (விளையாட்டுப் போட்டி நடந்த ஊர், ஒலிம்பஸ் மலை வெகுதூரம் வடக்கே இருக்கிறது, இரண்டையும் குழப்ப வேண்டாம்) ஹெராக்ளிஸ் நிறுவியதாகச் சொல்லும் ஆறு பலிபீடங்கள் இருந்தன. பீடத்துக்கு இரண்டு தெய்வம், ஆக மொத்தம் பன்னிரண்டு. ஜீயஸோடு பொசைடன், ஹீராவோடு அதீனா, ஹெர்மிஸோடு அப்பல்லோ. இதுவரை சரி. அடுத்ததில் டயோனிசஸும் காரிட்டிஸ் என்ற அழகு தேவதைகளும். அதற்கடுத்ததில் ஆர்ட்டெமிஸோடு ஆல்ஃபியஸ். ஆல்ஃபியஸ் யாரென்றால் அந்த ஊர் ஆறு! கடைசிப் பீடத்தில் கிரோனஸும் ரியாவும், அதாவது ஜீயஸின் அப்பாவும் அம்மாவும். பிள்ளைகளை விழுங்கிய அதே அப்பாதான். ஏரிஸ், அஃப்ரோடைட், ஹெஃபைஸ்டஸ், டெமெட்டர் நாலு பேருக்கும் இடமில்லை.

எண் மாறவில்லை, ஆள்தான் மாறுகிறது. ஏதென்ஸ் நாடக மேடையில் "பன்னிரண்டு தெய்வங்கள் மேல் ஆணை" என்று சத்தியம் செய்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் பெயரை எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 4

பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஏதென்ஸில் ஒரு பலிபீடம் இருந்தது. ஊர்ச் சந்தைத் திடலான அகோராவில், கி.மு. 522-521 வாக்கில், கொடுங்கோலன் பைசிஸ்ட்ராட்டஸின் அதே பெயர் கொண்ட பேரன் கட்டியது. ஊர்களுக்கான தூரத்தை அங்கிருந்துதான் அளந்தார்கள். ஒலிம்பியா எவ்வளவு தூரம் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும்போது இந்தப் பீடத்திலிருந்துதான் கணக்குச் சொல்கிறார். அடைக்கலம் தேடி ஓடிவருபவர்களும் இங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள்.

ஏதென்ஸ் போயிருந்தபோது மொனாஸ்திராகி நிலையத்தில் ரயிலேறித் தீசியோவில் இறங்கினேன். ஜன்னல் வழியாக அகோராவின் இடிபாடுகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பீடத்தின் பெரும்பகுதி அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிறது என்பது ஊருக்குத் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. 1934-இல் லியாக்ரஸ் என்பவன் பன்னிரண்டு தெய்வங்களுக்குக் காணிக்கை வைத்ததாகச் சொல்லும் கல்வெட்டு கிடைத்து இடம் உறுதியானது. 2011-இல் தண்டவாள வேலையின்போது பீடம் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. மூடக்கூடாது என்று ஒரு கூட்டம் போராடிப் பார்த்தது. மூடிவிட்டார்கள், ரயில் ஓடுகிறது.

பிப்ரவரி 6

சார்ட் கேட்டவர் படத்தைப் போட்டிருக்கிறார். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் "கடல்", "போர்", "காதல்", "இடி" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. என் அக்கா மகன் விளையாடும் சீட்டுக்கட்டிலும் இப்படித்தான். மந்திரிசபையில் இலாகா பிரித்த மாதிரி.

பொசைடனையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் உண்டு, சரி. ஆனால் கடலே கண்ணில் படாத மான்டினியாவில் அவனுக்குக் கோயில். அங்கே அவன் குதிரைகளின் தெய்வம். நிலநடுக்கமும் அவன் வேலைதான். கி.மு. 373-இல் ஒரு குளிர்கால இரவில் வட பெலொப்பொனீஸில் ஹெலிகே என்ற ஊர் நடுக்கத்தில் சரிந்து, எழுந்த அலையில் ஊரோடு மூழ்கிப்போனது. ஊரின் பெரிய கோயில் பொசைடனுடையது. ஆசியக் கரையில் குடியேறிய கிரேக்கர்களான அயோனியர்கள் வந்து, சிலையைத் தாருங்கள், இல்லாவிட்டால் வழிபாட்டின் ஒரு நகலையாவது தாருங்கள் என்று கேட்டார்கள், ஊர் மறுத்தது, அதனால்தான் கோபம் என்று பேச்சு. பிற்பாடு அந்தப் பக்கம் படகோட்டியவர்கள், தண்ணீருக்குள் வெண்கலப் பொசைடன் நின்றுகொண்டிருக்கிறான், கையிலிருக்கும் கடற்குதிரை வலையைக் கிழிக்கிறது என்று சொன்னதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். கடல் தெய்வத்தின் சிலையால் மீனவனுக்கு வலை நஷ்டம்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

பொசைடனையும் குதிரையையும் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. டெமெட்டர் என்றால் கையில் கதிர்க்கட்டு வைத்த தாய் என்றுதான் எல்லாப் படத்திலும். ஆர்க்கேடியா மலைநாட்டில் கதை வேறு. மகளைத் தேடி அலைகிற டெமெட்டரைப் பொசைடன் துரத்துகிறான். அவள் பெண்குதிரையாக மாறி மந்தையில் ஒளிகிறாள். அவன் ஆண்குதிரையாக வந்து அவளை அடைந்துவிடுகிறான். அவமானமும் கோபமுமாகக் கறுப்பு உடுத்தி ஒரு குகைக்குள் போய் அடைந்துகொள்கிறாள், பூமி விளையாமல் போகிறது. ஃபிகாலியா ஊர்க்காரர்கள் அந்தக் குகையில் குதிரைத் தலையோடு ஒரு டெமெட்டரை வைத்துக் கும்பிட்டார்கள்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ் அந்த ஊருக்குப் போனதே இவளுக்காகத்தான் என்று சொல்கிறார். போனால் சிலை இல்லை, பழையது என்றோ எரிந்துபோயிற்று, அதற்குப் பதிலாக வைத்ததும் போய்விட்டது. இருந்தாலும் ஊர் முறைப்படி திராட்சை, தேனடை, கம்பளி வைத்து எண்ணெய் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். பலி கொடுக்கவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனதே இந்தப் பக்கத்தில்தான்.

பிப்ரவரி 8

"ஆர்க்கேடியா ஏதோ மூலையிலிருந்த மலைநாடு, அதை வைத்து எல்லாவற்றையும் அளக்கலாமா?" நியாயமான கேள்வி. அப்படியானால் மூலையில் இல்லாத, நன்றாகப் படித்த, ஏதென்ஸில் பிறந்த ஒருவரைப் பார்க்கலாம். செனஃபோன். சாக்ரட்டீஸின் மாணவர், படைத்தலைவர்.

கி.மு. 399. பாரசீகத்தில் மாட்டிக்கொண்ட கூலிப்படையை ஊர் நோக்கி நடத்திக்கொண்டு வந்தவர் லாம்ப்சகஸ் துறைக்கு வந்து சேர்கிறார். அங்கே பழைய வீட்டு நண்பர், குறி பார்ப்பவர், யூக்ளிடிஸ் எதிர்ப்படுகிறார். முதல் கேள்வியே எவ்வளவு தங்கம் தேறியது என்பதுதான். செனஃபோன் சத்தியம் செய்கிறார்: குதிரையை விற்றால்தான் வழிச்செலவுக்கே ஆகும். யூக்ளிடிஸ் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? பிறகு செனஃபோன் அப்பல்லோவுக்குப் பலி கொடுக்கும்போது யூக்ளிடிஸ் பக்கத்தில் நின்று, பலியைப் பார்த்துவிட்டு, "இப்போது நம்புகிறேன்" என்கிறார். அதோடு விடவில்லை. உனக்குப் பணம் சேராமல் தடுப்பது ஜீயஸ் மைலிக்கியோஸ், ஊரில் இருந்தபோது நான் உங்களுக்காகக் கொடுத்த மாதிரி அவனுக்குப் பலி கொடுத்தாயா என்று கேட்கிறார். வீட்டை விட்டு வந்ததிலிருந்து இல்லை என்கிறார் செனஃபோன்.

கவனியுங்கள். வழியெல்லாம் ஜீயஸைக் கும்பிட்டுக்கொண்டு வந்தவர் இவர். பசிலியுஸ் என்று அழைக்கும் அரச ஜீயஸுக்குப் பலி கொடுத்து, அவன் குறிப்பைக் கேட்டுத்தான் பெரிய முடிவுகளையே எடுத்தார். அதெல்லாம் அந்தக் கணக்கில். மைலிக்கியோஸ் கணக்கு தனியாக நிலுவையில் நிற்கிறது. மறுநாள் ஊர் வழக்கப்படி பன்றிகளை முழுதாக எரித்துப் பலி கொடுக்கிறார். அன்றைக்கே படைக்குப் பணம் கொண்டுவந்த இருவர் வந்து சேர்கிறார்கள். ஐம்பது டாரிக் பொன்னுக்கு அவர் விற்ற குதிரையையும் மீட்டுக்கொண்டு வருகிறார்கள், விலை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

இந்த மைலிக்கியோஸ் பார்க்க எப்படி இருப்பான்? பிரேயஸ் துறைமுகப் பக்கம் கிடைத்த கல் பலகைகளில் தாடி வைத்த பெரிய பாம்பு. மின்னல் இல்லை, சிம்மாசனம் இல்லை.

பிப்ரவரி 8, சாப்பாட்டுக்குப் பிறகு

இன்னொரு ஜீயஸும் உண்டு, வீட்டுச் சாமான் அறையில் இருப்பவன். க்டீசியோஸ். இவன் ஒரு ஜாடி. இரண்டு கைப்பிடி, வெள்ளைக் கம்பளி நூல் சுற்றியிருக்கும். உள்ளே சுத்தமான தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகை விளைபொருள். வீட்டுச் சொத்தைக் காப்பது இவன் பொறுப்பு. சார்ட்டில் ஜீயஸுக்குக் கீழே "இடி, வீட்டு ஜாடி" என்று எழுதினால் பள்ளியில் மதிப்பெண் வராது, நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி 10

ஹீராவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எப்போதும் இப்படித்தான்: "பொறாமைக்காரி, கணவனின் காதலிகளைத் துரத்துபவள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கவிஞர்கள் எழுதியது அப்படி. ஊர்கள் கும்பிட்டது வேறு மாதிரி. சாமோஸ் தீவில் அவளுக்குக் கட்டியது கிரேக்க உலகின் மிகப்பெரிய கோயில்களில் ஒன்று. ஸ்டிம்ஃபாலஸில் அவளுக்கு மூன்று கோயில்கள்: குழந்தை ஹீரா, மணமான ஹீரா, கைம்பெண் ஹீரா. சாகாத ஜீயஸின் மனைவி எப்படிக் கைம்பெண் ஆவாள்? அவனோடு சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது அந்தப் பெயர் வைத்தார்கள் என்று ஊர் சொல்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் வரும் மூன்று நிலைக்கும் ஒரு ஹீரா தேவைப்பட்டிருக்கிறாள். கதையில் அது இடித்தால் இடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

பிளாட்டியா ஊர்க் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஹீரா கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள், சமாதானம் ஆகவில்லை. ஜீயஸ் ஒருவரிடம் யோசனை கேட்டு, ஒரு மரக்கட்டைக்கு முக்காடிட்டு மாட்டுவண்டியில் ஏற்றி, புதுப்பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் செய்தி பரப்புகிறான். ஹீரா ஓடிவந்து முக்காட்டைக் கிழிக்கிறாள். உள்ளே கட்டை. சிரித்துவிடுகிறாள். அந்த ஊடல் தீர்ந்ததைத்தான் அங்கே திருவிழாவாகக் கொண்டாடினார்கள். பொறாமைக்காரி கதைகளை மட்டும் படித்தவர்களுக்கு இந்தச் சிரிக்கிற ஹீராவைத் தெரியாது.

பிப்ரவரி 11

"இவ்வளவு முரண்பாடு இருந்தால் அவர்களுக்கு வேதம் மாதிரி ஒரு நூல் இல்லையா?"

இல்லை. பழங்கவிஞர்களான ஹோமரும் ஹீசியடும்தான் தெய்வங்களின் பிறப்பையும் பட்டங்களையும் வேலைகளையும் கிரேக்கர்களுக்கு வகுத்துக் கொடுத்தார்கள், அதுவும் எனக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னால்தான் என்று ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அந்த இரண்டு பேருமே ஒத்துப்போவதில்லை. ஹோமரில் ஜீயஸ் மூத்தவன், ஹீசியடில் கடைக்குட்டி. ஹோமரில் அஃப்ரோடைட் ஜீயஸுக்கும் டயோனிக்கும் மகள். ஹீசியடில் ஜீயஸின் தாத்தா யுரேனஸின் அறுபட்ட உறுப்பு கடலில் விழுந்து, அந்த நுரையில் பிறந்தவள், அப்படிப் பார்த்தால் ஜீயஸுக்கே அத்தை முறை. ஹெஃபைஸ்டஸின் மனைவி இலியட்டில் காரிஸ், ஒடிஸியில் அஃப்ரோடைட். இதை வைத்து நண்பர் ஒருவரிடம் தேநீர்க் கடையில் வாதம் செய்து, இரண்டு பேரும் சரியான மேற்கோள் காட்டி, இரண்டு பேரும் ஜெயித்தோம்.

பிப்ரவரி 14

இன்றைய தேதிக்காக அஃப்ரோடைட். ஸ்பார்ட்டாவிலும் கித்தேரா தீவிலும் அவள் ஆயுதம் தரித்து நிற்கிறாள். சைப்ரஸில் பேஃபோஸ் கோயிலின் மூலமூர்த்தி ஒரு கூம்பு வடிவக் கல். முகமில்லை, கைகாலில்லை. ரோஜாப்பூ படங்களுக்கு இது போதும்.

பிப்ரவரி 17

ஏரிஸ் ரசிகர் ஒருவர் வந்திருக்கிறார். போர்க் கடவுள்தான் எல்லோரிலும் பலசாலி என்று வாதம்.

இலியட்டின் ஐந்தாம் காண்டத்தைத் திறந்து பாருங்கள். அதீனா துணை நிற்க, டயோமிடிஸ் என்ற மனிதன் ஏரிஸின் வயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். ஏரிஸ் ஒன்பதாயிரம், பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தினது போலக் கத்திவிட்டு அப்பாவிடம் ஓடுகிறான். ஒலிம்பஸில் இருப்பவர்களிலேயே உன்னைத்தான் எனக்கு அறவே பிடிக்காது என்கிறான் ஜீயஸ். அதற்கு முன்னொரு தடவை இரண்டு ராட்சத இளைஞர்கள் அவனை வெண்கல ஜாடிக்குள் பதின்மூன்று மாதம் அடைத்துவைத்தார்கள். ஹெர்மிஸ் போய்த் திருடிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஏதென்ஸ் அகோராவில் அவனுக்கு ஒரு கோயில் இருந்தது உண்மை. அதுகூட ரோமானியர் காலத்தில் பல்லெனி என்ற ஊரிலிருந்த கோயிலைக் கல் கல்லாகக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டியது. கற்களில் கொத்தர்கள் போட்ட அடையாள எழுத்துகள் இருக்கின்றன.

பிப்ரவரி 17, இரவு

ஏரிஸ் ரசிகருக்கு ஆறுதலாக ஒன்று. டெகியா ஊரில் ஏரிஸ் பெண்களின் தெய்வம். ஸ்பார்ட்டாக்காரர்கள் படையெடுத்து வந்தபோது அவ்வூர்ப் பெண்கள் மலையடியில் பதுங்கியிருந்து பாய்ந்து விரட்டினார்கள். வெற்றிக்கு ஏரிஸுக்குப் பலி கொடுத்து, கறியில் ஆண்களுக்குத் துண்டுகூடக் கொடுக்கவில்லை. கிரேக்கப் பலியில் தெய்வத்துக்குப் போவது கொழுப்புச் சுற்றிய தொடை எலும்பின் புகைதான், கறியெல்லாம் மனிதர்களுக்கு. அதனால் பங்கு கிடைக்காதது சாதாரண விஷயம் இல்லை. ஸ்பார்ட்டாவிலோ போர்த் தெய்வத்தின் பழைய சிலைக்குக் காலில் விலங்கு போட்டிருந்தார்கள், ஊரைவிட்டு ஓடிவிடக் கூடாதாம்.

பிப்ரவரி 21

ஹெர்மிஸ் என்றதும் இறக்கை வைத்த செருப்பு நினைவுக்கு வரும். ஏதென்ஸ்காரனுக்கு வாசலில் நிற்கும் சதுரக் கல்தூண் நினைவுக்கு வந்திருக்கும்: மேலே தாடி முகம், நடுவில் ஆண்குறி. கி.மு. 415-இல் சிசிலிப் படையெடுப்புக்குக் கப்பல்கள் கிளம்பவிருந்த நேரத்தில் ஒரே இரவில் ஊரிலிருந்த இந்தத் தூண்களின் முகங்களை யாரோ உடைத்துவிட்டார்கள். ஊரே ஆடிப்போய்விட்டது. விசாரணை, காட்டிக்கொடுப்பு, மரண தண்டனை எல்லாம் நடந்தது.

எனக்குப் பிடித்தது ஃபாரை என்ற சிற்றூர்ச் சந்தையில் நின்ற ஹெர்மிஸ். சாயங்காலம் போய் சாம்பிராணி ஏற்றி, விளக்குகளில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, பீடத்தில் ஒரு செப்புக்காசு வைத்துவிட்டு, சிலையின் காதில் உங்கள் கேள்வியைக் கிசுகிசுக்க வேண்டும். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சந்தையைவிட்டு வெளியே வந்து கையை எடுக்க வேண்டும். காதில் விழும் முதல் பேச்சுதான் பதில். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சிக்கு நிற்க, கன்றைத் தேற்றும் இடைமகளின் சொல் பதிலாக விழுகிறதே, கிட்டத்தட்ட அதேதான். தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. எதிர்பாராமல் காதில் விழும் சொல்லுக்கு மனிதர்கள் ஏங்குவது இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 22

தெரியும், இந்த விரிச்சியைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள் என்று. "டயோனிசஸ்தான் முருகன்", "ஹெராக்ளிஸ் பாண்டியனின் பாட்டன்." முதலாவதுக்குப் பதில்: சான்று எங்கே?

இரண்டாவதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. சந்திரகுப்த மௌரியரிடம் தூதராக வந்த மெகஸ்தனிஸ் எழுதியது மூலமாகக் கிடைக்கவில்லை, பிற்காலத்தவர் எடுத்தாண்டதுதான் மிச்சம். அதன்படி இந்தியாவில் ஹெராக்ளிஸுக்குப் பல மகன்கள், ஒரே மகள், பெயர் பண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயர். கடலில் கிடைத்த முத்தை மகளுக்கு அணிவித்தான். தெற்கே கடல்வரை உள்ள நிலத்தை அவளுக்குக் கொடுத்தான், அதில் 365 கிராமங்கள், நாளுக்கொரு கிராமம் திறை கொண்டுவர வேண்டும் என்று பொலியேனஸ் சொல்கிறார். தெற்கு, முத்து, இந்தப் பெயர்: பாண்டிய நாட்டைப் பற்றிய பேச்சு காதில் விழுந்திருக்கிறது என்று பலரும் கருதுகிறார்கள். நானும்தான்.

ஆனால் ஹெராக்ளிஸ் இங்கே வந்ததற்கு அது சான்றாகாது. கிரேக்கர்கள் எங்கே போனாலும் அங்கிருக்கும் தெய்வத்தைத் தங்கள் பெயரில் கூப்பிடுவார்கள். எகிப்தின் ஆமோனை ஜீயஸ் என்றார்கள், ஒசைரிஸை டயோனிசஸ் என்றார்கள். ஏற்கெனவே ஊருக்கு ஒரு ஜீயஸ் இருந்து பழகியவர்களுக்கு எகிப்தில் இன்னொருவன் இருப்பதில் என்ன சங்கடம்?

பிப்ரவரி 26

டயோனிசஸ் "வெளியிலிருந்து பிற்காலத்தில் வந்த கடவுள்" என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கதைகளில் அவன் எப்போதும் புதிதாக ஊருக்குள் நுழைகிறவன்தான், அரசன் எதிர்ப்பான், அழிவான். அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி என்ற பழைய கிரேக்க எழுத்தைப் படித்த பிறகு பார்த்தால், பைலோஸ் அரண்மனைக் களிமண் பலகைகளில், கி.மு. 1200 வாக்கிலேயே, அவன் பெயர் இருக்கிறது. கிரீட்டில் கானியா பலகையில் ஜீயஸுக்கு ஒரு ஜாடி தேன், அவனுக்கு இரண்டு. ஜீயஸ், ஹீரா, பொசைடன், ஹெர்மிஸ் பெயர்களும் பலகைகளில் உண்டு. எல்லோருக்கும் பழமையானவன் போலத் தோன்றும் அப்பல்லோவின் பெயர்தான் தெளிவாகக் கிடைக்கவில்லை.

மார்ச் 2

பாதாள அரசன் ஹேடிஸ் ஏன் பன்னிரண்டில் இல்லை? அவன் வீடு கீழே, அதனால்தான். அண்ணன் தம்பி மூவரும் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள்: ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடிஸுக்கு இருள், பூமியும் ஒலிம்பஸும் மூவருக்கும் பொது. ஜீயஸ் மிரட்டும்போது பொசைடன் இந்தப் பாகப்பிரிவினையைத்தான் எடுத்துக்காட்டிச் சண்டை போடுகிறான். ஈலிஸ் ஊரில் ஹேடிஸுக்குக் கோயில் இருந்தது, ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் திறப்பார்கள், பூசாரி தவிர யாரும் உள்ளே போக முடியாது.

மார்ச் 5

ஹெஸ்டியா விஷயத்தில் மனது அடங்கவில்லை. கதை இல்லாத தெய்வம் என்று அவளை ஓரங்கட்டுகிறோம். பிறந்ததும் முதலில் விழுங்கப்பட்டு, கடைசியாக வெளியே வந்தாள். பொசைடனும் அப்பல்லோவும் பெண் கேட்டார்கள், கன்னியாகவே இருப்பேன் என்று ஜீயஸின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். இவ்வளவுதான். ஆனால் விருந்தில் தெய்வத்துக்கு மது வார்க்கும்போது முதல் வார்ப்பும் கடைசி வார்ப்பும் அவளுக்குத்தான். ஒவ்வொரு ஊரின் பொது மண்டபத்திலும் அணையாத அடுப்பாக இருந்தவள் அவள். புதுக் குடியேற்றத்துக்குக் கிளம்புகிறவர்கள் தாய் ஊரின் அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துப் போனார்கள்.

கி.மு. 479-இல் பிளாட்டியாவில் பாரசீகர்களைத் தோற்கடித்த பிறகு, அந்நியர் தொட்ட நெருப்புக்குத் தீட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டெல்ஃபியின் பொது அடுப்பிலிருந்து புது நெருப்பு கொண்டுவந்த பிறகே பலி கொடுங்கள் என்று டெல்ஃபியின் குறிசொல்லும் கோயில் சொல்லிவிட்டது. யூக்கிடாஸ் என்பவன் ஓடினான். போய்வர ஆயிரம் ஸ்டேடியம், 180 கிலோமீட்டருக்குப் பக்கம். பொழுது சாய்வதற்குள் நெருப்போடு வந்து, ஊராரை வணங்கி, அதைக் கையில் கொடுத்துவிட்டு விழுந்து செத்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஒரே நாளில் அவ்வளவு தூரம் மலைப் பாதையில் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். மராத்தான் ஓட்டக்காரனுக்கு உலகம் முழுக்கப் பந்தயம் நடத்துகிறோம், இவன் பெயரை யாரும் சொல்வதில்லை.

மார்ச் 9

பதின்மூன்றாவது ஆளும் ஒருவர் உண்டு. கி.மு. 336, மாசிடோனியாவின் ஐகை. மகள் திருமணக் கொண்டாட்டத்தில் அரசன் இரண்டாம் ஃபிலிப் பன்னிரண்டு தெய்வங்களின் சிலைகளை நாடக அரங்குக்கு ஊர்வலமாக அனுப்பினான். பதின்மூன்றாவதாக அவன் சிலை. பின்னாலேயே அவன் நடந்து வந்தபோது மெய்க்காவலன் குத்திக் கொன்றுவிட்டான். கொன்றவன் பெயர் பௌசானியாஸ். நம்ம பயணி இல்லை, அவர் பாவம்.

பத்தாண்டு கழித்து மகன் அலெக்சாண்டர் பியாஸ் ஆற்றங்கரையில் படை மேலே நகர மறுத்ததும், பன்னிரண்டு தெய்வங்களுக்குப் பிரம்மாண்டமான பீடங்கள் கட்டிவிட்டுத் திரும்பினான். அவை இன்றுவரை கிடைக்கவில்லை.

மார்ச் 12

"கிறிஸ்தவம் வந்ததும் எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிட்டதா?" சட்டப்படி நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கோயில்களைப் பூட்டினார்கள். எலியூசிஸில் மட்டும் நடந்ததைச் சொல்கிறேன்.

டெமெட்டரின் மறைச்சடங்குகள் நடந்த ஊர் அது. 1801-இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் போனபோது, ஊர்க் களத்துப் பக்கம் எருக்குவியலில் கழுத்துவரை புதைந்து ஒரு பெரிய பெண் சிலை நின்றது. ஊர்க்காரர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் விளைச்சல் இவள் தயவு என்று நம்பி, விழா நாட்களில் விளக்கேற்றினார்கள். கிளார்க் துருக்கிய அதிகாரியைச் சரிக்கட்டி அனுமதி வாங்கினார். தூக்குவதற்கு முந்தைய மாலை ஒரு மாடு நுகத்தடியை உதறிவிட்டு வந்து சிலையை முட்டியது. ஊர் மிரண்டு, யாரும் கைவைக்க மாட்டோம் என்றது. கடைசியில் பாதிரியார் பூசை உடுப்போடு வந்து முதல் மண்வெட்டி போட்ட பிறகுதான் நகர்ந்தது. ஏற்றிப்போகும் கப்பல் மூழ்கும் என்று ஊர் சொன்னது. இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்தில் வந்து அது உடைந்தும் போனது. சிலையை மீட்டுவிட்டார்கள், கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மார்ச் 12, ஒரு பின்குறிப்பு

பின்னூட்டத்தில் கேட்டவருக்கு: ஆமாம், கிளார்க் அதை டெமெட்டர் என்றுதான் நம்பினார். அது தெய்வச் சிலையே இல்லை. ரோமானியர் காலத்து நுழைவாயிலில், தலையில் சடங்குப் பெட்டியோடு கூரையைத் தாங்கி நின்ற தூண் பெண். அவளுடைய ஜோடி இன்னும் எலியூசிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.